எலெக்ட்ரிக் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே புக் படிக்கறது, படிக்கறத ஸ்டேட்டஸ்ல போடறது: ஸ்டெப் பை ஸ்டெப்

"இப்ப என்ன படிச்சிட்டிருக்கே, உனக்கு மட்டும் எப்படிடி டைம் கிடைக்குது"ன்னு ஸ்டேட்டஸ் போடற அன்னிக்கெல்லாம் யாராவது கேட்டுடறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி மாளல, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். காலைல டப்பா கட்டி, ட்ரெயின் புடிச்சு, ஆபீஸ் போயி, திரும்ப வந்து அடுப்பு பத்தவைக்கறவங்களுக்கான போஸ்ட் இது. வருஷத்துக்கு நூறு புக்னு டார்கெட் வெச்சிருக்கறவங்க அப்படியே ஸ்க்ரோல் பண்ணிப் போயிடலாம்.

ஸ்டெப் 1: இடுக்கு எங்க இருக்குன்னு பாருங்க

காலைல அஞ்சு மணிக்கு எழுந்து படிங்கன்னு ஒரு அட்வைஸ் சுத்துது பாருங்க, அத எழுதறவங்க வீட்ல யாரு சமைக்கறாங்கன்னு கேக்கணும். நாங்க எழுந்துக்கறதே அஞ்சுக்குத்தான். புதுசா ஒரு மணி நேரத்த எங்கிருந்தும் கொண்டு வர முடியாது, ஏற்கனவே சும்மா போயிட்டிருக்கற நேரம் எதுன்னு ஒரு வாரம் கவனிங்க, போதும்.

எனக்கு அது சென்னைல குரோம்பேட்டை டு எழும்பூர். இதுலயே ரெண்டு பாகம் இருக்கு. கிண்டி வரைக்கும் நிக்கணும், ஒரு கை கம்பியில. கிண்டியில ஒரு பெரிய கும்பல் எறங்கும், சீட்டு கிடைச்சா அங்கிருந்து எழும்பூர் வரைக்கும் ஏறக்குறைய இருபது நிமிஷம் உக்காந்து படிக்கலாம். நிக்கற நேரத்துக்கு ஒரு மாதிரி புக், உக்கார்ற நேரத்துக்கு வேற மாதிரி புக்குன்னு புரிஞ்சிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. ராத்திரி படுக்கையில படிக்கறத கணக்குலயே சேக்காதீங்க, ரெண்டு பக்கத்துல தூங்கிடுவோம்.

ஸ்டெப் 2: இடத்துக்கு ஒரு புக், அதுக்கு மேல வேணாம்

டைம் முக்கால்வாசி எங்க போகுதுன்னா எதப் படிக்கலாம்னு யோசிக்கறதுல. அதனால அந்த முடிவ ஞாயித்துக்கிழமையே எடுத்துடுங்க. நிக்கும்போது ஃபோன், இல்லன்னா கிண்டில் (அமேசானோட புக் படிக்கற கருவி), அதுல சிறுகதை, கட்டுரை மாதிரி எங்க விட்டாலும் புடிச்சுக்கற ஐட்டம். உக்காந்தா பேப்பர் புக். வீட்ல குக்கர் பக்கத்துல ஒண்ணு, அது ஏற்கனவே படிச்சதா இருந்தா இன்னும் நல்லது, விசில் எண்ணிக்கிட்டே படிக்கறதுக்குப் புதுக் கதை செட் ஆகாது.

ட்ரெயினுக்கு பெஸ்ட் எதுன்னா என்னைக் கேட்டா பழைய தொடர்கதைங்கதான். பொன்னியின் செல்வனையே எடுத்துக்கோங்க, 1950லேருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல வாராவாரம் வந்தது. அடுத்த வாரம் வரைக்கும் ஆளக் காக்க வைக்கணுமேன்னு எழுதினதால ஒவ்வொரு அத்தியாயமும் சின்னதா, ஒரு கொக்கியில தொங்கிட்டு முடியும். ஒரு தடவ உக்காந்தா ஒண்ணு முடிஞ்சிடும். அஞ்சு பாகத்தயும் ஒரே கட்டா வாங்கி அலமாரில வெச்சுப் பாத்து பயந்துக்கிட்டு இருக்கறவங்க முதல் பாகத்த மட்டும் பையில போடுங்க.

ஸ்டெப் 3: புக் எங்க வாங்கறது

மொதல்ல உங்க ஏரியா கிளை நூலகம். சொந்த வீடு இருந்தா சொத்து வரி ரசீத எடுத்துப் பாருங்க, அதுல நூலக வரின்னு ஒரு லைன் இருக்கும். 1948ல வந்த பொது நூலகச் சட்டத்துலேருந்து வர்ற வழக்கம் அது. பணம் ஏற்கனவே கட்டியாச்சு, போய் எடுத்துப் படிக்க மட்டும்தான் யோசிக்கறோம். உறுப்பினர் ஆகறதுக்கு அட்ரஸ் ப்ரூஃப் எடுத்துட்டுப் போங்க, டெபாசிட் ரொம்பக் கம்மி.

வாங்கணும்னா ஜனவரில நந்தனம் புத்தகக் கண்காட்சி, பத்து பர்சென்ட் தள்ளுபடி. ஆனா அங்க போனா கை நிக்காது, லிஸ்ட் எழுதிட்டுப் போறது உத்தமம். அந்த லிஸ்ட்டும் கால் மணி நேரத்துல காணாமப் போயிடும், அது வேற விஷயம்.

ஸ்டெப் 4: தமிழ் புக்க கிண்டில்ல ஏத்தறது (பொறுமையா படிங்க)

மத்த ஸ்டெப்ப விட்டாலும் இத விடாதீங்க, என்னை ரொம்ப நாள் சுத்தல்ல விட்டது இதுதான்.

ஃப்ரீயா, சட்டப்படி கிடைக்கற தமிழ் புக்குக்கு மூணு வெப்சைட். ஒண்ணு, மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்சது, தன்னார்வலர்கள் உக்காந்து டைப் அடிச்சு ஏத்தினது, சங்க இலக்கியத்துலேருந்து இருபதாம் நூற்றாண்டு நாவல் வரைக்கும் இருக்கு. ரெண்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகம், அங்க பெரும்பாலும் ஸ்கேன் பண்ண பக்கம். மூணு, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ்ல, அதாவது யார் வேணா பகிர்ந்துக்கலாம்ங்கற உரிமத்துல குடுத்தது.

இப்ப பிரச்சனைக்கு வருவோம். எல்லாரும் செய்யறது என்னன்னா பிடிஎஃப் எறக்கி அப்படியே கிண்டிலுக்குத் தள்ளறது. ஏ4 பக்கம் ஆறு இஞ்ச் திரையில வந்தா எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், பெருசாக்கினா வரி வரியா எடமும் வலமும் நகத்தணும், பல்லாவரம் தாண்டறதுக்குள்ள வெறுத்துடும். சரி, கன்வெர்ட் பண்ணலாம்னு பாத்தா "அவன்" இருந்த எடத்துல ஏதோ ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவும் வந்து நிக்கும். காரணம் என்னன்னா பழைய பிடிஎஃப் நெறய யூனிகோட்ல (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறை) இல்ல, பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல செஞ்சது. உள்ள இருக்கறது ஆங்கில எழுத்து, மேல தமிழ் வேஷம். கன்வெர்ட் பண்ணா வேஷம் கலஞ்சிடும்.

செக் பண்றது ஈஸி. பிடிஎஃப்ல ஒரு வரிய காப்பி பண்ணி வாட்ஸாப்ல உங்களுக்கே பேஸ்ட் பண்ணுங்க. தமிழா வந்தா யூனிகோட். கண்டபடி வந்தா அந்த ஃபைல கன்வெர்ட் பண்ணவே ட்ரை பண்ணாதீங்க. ஒண்ணுமே செலக்ட் ஆகலன்னா அது ஸ்கேன், ஃபோட்டோ மாதிரி. யூனிகோடா இருந்தாலும் சில ஃபைல்ல கொம்பு எடம் மாறி "கொடு"ங்கறது ஒடஞ்சு வரும், அதையும் பாத்துக்கோங்க.

தப்பிக்க வழி: ஈபப் (திரை அளவுக்குத் தக்கபடி வரி தானே மடங்கிக்கற ஈபுக்) ஃபைலா எடுங்க. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்ல பெரும்பாலான புக்குக்கு ஈபப் இருக்கும், பல புக்குக்கு ஆறு இஞ்ச் திரைக்குன்னே தனி பிடிஎஃப்பும் இருக்கும், யாரோ நம்மள மாதிரி கஷ்டப்பட்டிருக்காங்க. மதுரைத் திட்டத்துல ஈபப் இல்லாத புக்குன்னா வெப் பக்கமா இருக்கற யூனிகோட் வடிவத்த சேவ் பண்ணி காலிபர்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டு ஈபப்பா மாத்திக்கலாம், அது இலவசம்தான்.

அப்புறம் அனுப்பறது. அமேசான் அக்கவுண்ட்ல "மேனேஜ் யுவர் கன்டென்ட் அண்ட் டிவைசஸ்", அதுக்குள்ள "ப்ரிஃபரன்சஸ்", அதுக்குள்ள "பெர்சனல் டாக்குமென்ட் செட்டிங்ஸ்". அங்க உங்க கிண்டிலுக்குன்னு ஒரு மெயில் ஐடி இருக்கும். அதுக்குக் கீழ "அப்ரூவ்ட்"னு ஒரு லிஸ்ட் இருக்கு பாருங்க, அதுல நீங்க எந்த மெயில்லேருந்து அனுப்பறீங்களோ அத சேத்தாகணும், சேக்கலன்னா ஃபைல் வந்து சேராது, வரலயே வரலயேன்னு வைஃபைய திட்டிட்டு இருப்போம். வெரிஃபை பண்ணச் சொல்லி ஒரு மெயில் வந்தா அதையும் அமுக்கணும். மோபி (கிண்டிலோட பழைய ஃபார்மட்) ஃபைல் வேணாம், இந்த வழியில இப்ப அத எடுத்துக்கறதில்ல. இந்த மெயில் கூத்தே வேணாம்னா "சென்ட் டு கிண்டில்" வெப் பக்கத்துல ஃபைல இழுத்துப் போட்டுடலாம், எனக்கு இப்ப அதான் பழக்கம்.

கிண்டில் இல்லாதவங்க அதுக்காக வாங்க வேணாம், ஃபோன்ல அதே ஆப் இருக்கு. நோட்டிஃபிகேஷன மட்டும் அமத்திடுங்க.

ஸ்டெப் 5: படிச்சிட்டிருக்கும்போதே ஷேர் பண்ணுங்க

முடிச்சிட்டு பெருசா விமர்சனம் எழுதலாம்னு வெக்காதீங்க, எழுதமாட்டோம். நடுவுல இருக்கும்போதே போடுங்க. ஏன்னா நாப்பதாவது பக்கத்துல ஒரு ஸ்டேட்டஸ் போட்டா, யாராவது ஒருத்தர் "நானும் படிச்சிருக்கேன், அந்த அத்தை வர்ற எடம் வந்துடுச்சா"ன்னு கேப்பாங்க. அந்த ஒரு கேள்விக்காகவே மறுநாள் ட்ரெயின்ல ரீல்ஸ் பக்கம் போகாம புக்கத் தொறப்போம். எனக்கு டைம் கிடைச்ச ரகசியம்னு கேட்டா இதுதான், மத்ததெல்லாம் ஏற்பாடு.

என்ன போடறதுன்னா: புக் பேரு, எழுதினவர் பேரு, எந்த அத்தியாயத்துல இருக்கீங்க, சொந்தமா ஒரு வரி. காபி டம்ளரோட அட்டைப்பட ஃபோட்டோ மட்டும் போட்டா யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க, ஹார்ட் போட்டுட்டுப் போயிடுவாங்க. பக்க எண் சொல்றதவிட அத்தியாயம் சொல்றது நல்லது, கிண்டில்காரங்களுக்கு பர்சென்ட்தான் தெரியும், பதிப்புக்குப் பதிப்பு பக்கமும் மாறும்.

குட்ரீட்ஸ் (படிச்ச புக்கப் பதிஞ்சு வெக்கற வெப்சைட்) எனக்கு அவ்ளோ ஒத்து வரல. கணக்கு வெச்சுக்க ஓகே, ஆனா தமிழ் புக்குன்னா ஒரே தலைப்பு தமிழ்ல ஒண்ணு, ஆங்கில ஸ்பெல்லிங்ல மூணுன்னு இருக்கும். பின்னட்டையில இருக்கற ஐஎஸ்பிஎன் நம்பரப் போட்டுத் தேடினா சரியான பதிப்பு வரும், பழைய பதிப்புல அந்த நம்பரே இருக்காது. வாட்ஸாப் ஸ்டேட்டஸ் ஒரு நாள்ல மறஞ்சிடுதேன்னு சிலர் சொல்றாங்க, அதான் எனக்குப் புடிச்சதே. யாரும் ஒரு வருஷம் கழிச்சு வந்து முடிச்சியான்னு கேக்கமாட்டாங்க.

அப்டேட் 1: க்ரூப் ஆரம்பிக்கலாமான்னு நெறயப் பேர் கேட்டிருக்கீங்க. ஆரம்பிங்க, ஆனா சின்னதா வெச்சுக்கோங்க, குட் மார்னிங் படம் கூடாது, பிடிஎஃப் கூடாது. எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட் இருக்கு. அரசு நாட்டுடைமை ஆக்கினது தனி, பாரதியார் எழுத்தோட உரிமைய 1949லயே அரசு வாங்கி, அப்புறம் பொதுவாக்கிடுச்சு. அதத் தாராளமா அனுப்பிக்கலாம். இப்ப எழுதிட்டிருக்கறவங்க புக்க ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டு "என்ன எழுத்து!"ன்னு பாராட்டறது எனக்குச் சரியாப் படல.

அப்டேட் 2: அப்ரூவ்ட் லிஸ்ட்ல சேத்தும் வரலன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. பாத்தா அவங்க கிண்டில் வீட்டுக்காரர் அக்கவுண்ட்ல இருக்கு, அவங்க அவங்களோட அக்கவுண்ட்ல செட்டிங் மாத்திட்டிருந்திருக்காங்க. டிவைஸ் யார் பேர்ல பதிவாயிருக்குன்னு மொதல்ல பாருங்க.

அப்டேட் 3: லைப்ரரி போயி பூட்டியிருந்துச்சுன்னு திட்டினவங்களுக்கு, கிளை நூலகங்களுக்கு வார லீவு பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை போங்க, தொறந்திருக்கும்.