கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட்டைக் குறைக்க வினிகர் சேர்க்கும் முறை

பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டியில் மிஞ்சிய தீனியும் மீன்களின் கழிவும் சிதைந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேங்கினால், பாறைகளில் பாசி படரும். பவளங்களும் நிறம் மங்கிப் பழுப்பேறும். நீரை மாற்றியும் தீனியைக் குறைத்தும் இவை இறங்காதபோது, பாக்டீரியாக்களுக்குக் கார்பன் ஊட்டும் முறையை நாடலாம். அத்தகைய தொட்டியில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்திருந்தாலும், எளிதில் உண்ணத்தக்க கார்பன் போதாததால் பாக்டீரியாக்கள் பெருகாமல் இருக்கின்றன. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அக்குறையை நீக்குகிறது. அவை பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தம் உடலில் ஏற்றுக்கொள்கின்றன. அவ்வாறு பெருகியவற்றில் ஒரு பகுதியைப் புரோட்டீன் ஸ்கிம்மர் (காற்றுக்குமிழிகளால் கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) நுரையோடு வெளியேற்றுகிறது. பாக்டீரியாக்கள் பெருகும்போது நீரின் ஆக்சிஜனை வேகமாகச் செலவிடுவதால், அதை ஈடுசெய்யவும் ஸ்கிம்மர் வேண்டும். நன்றாக இயங்கும் ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இம்முறையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வோட்கா, சர்க்கரை ஆகியவற்றையும் பயன்படுத்துவோர் உண்டு. 40% வோட்கா 1 மி.லி. தரும் கார்பனைப் பெற 5% வினிகர் ஏறத்தாழ 8 மி.லி. தேவைப்படும். இந்த நீர்த்த தன்மையால் அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் தொட்டி தாங்கிக்கொள்ளும் என்பதால் நான் வினிகரையே விரும்புகிறேன். நிறமோ மணமோ சேர்க்காத வெள்ளை வினிகரை வாங்கி, புட்டியில் அசிட்டிக் அமிலத்தின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் உண்மையான நீரளவில் 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 1 மி.லி. வீதம் தொடங்கலாம். வினிகர் பிஎச் அளவைச் சற்றுத் தாழ்த்துவதால், விளக்குகள் எரியும் பகல் வேளையில், நீரோட்டம் மிகுந்த இடத்தில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய இரண்டு சத்துகளையும் சோதித்து, மாற்றம் தெரியாவிட்டால் மட்டும் நாளளவில் 100 லிட்டருக்கு மேலும் 1 மி.லி. கூட்டுங்கள். முதல் சில வாரங்களில் எதுவும் நிகழாததுபோல் தோன்றும். அப்போது பொறுமையிழந்து அளவை ஒரேயடியாக உயர்த்துவதுதான் பெரும்பாலான கேடுகளுக்குக் காரணம். நீர் பால்போல் கலங்கினாலோ மீன்கள் மேற்பரப்பில் மூச்சுத் திணறினாலோ உடனே வினிகரை நிறுத்திக் காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் அளவை உயர்த்தாமல், விரும்பிய நிலையை எட்டியதும் ஏறத்தாழ பாதியாகக் குறைத்து அதிலேயே நிலைநிறுத்துங்கள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் போதும். இரண்டும் பூச்சியத்தைத் தொட்டால் பவளங்கள் வெளிறும்; டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புக் கோழையும் தலைதூக்கலாம். சத்து குறைந்த நீரில் காரத்தன்மை மிகுந்திருந்தால் அக்ரோபோரா போன்ற பவளங்களின் நுனி கருகக்கூடும். ஆகவே அதனை 7 முதல் 8.5 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வரை சீராக வைத்திருங்கள். நைட்ரேட் தீர்ந்து பாஸ்பேட் மட்டும் எஞ்சினால் வினிகரைக் கூட்டிப் பயனில்லை. அதற்குப் பாஸ்பேட்டை ஈர்த்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு வடிபொருளே ஏற்றது.

மின்தடையால் ஸ்கிம்மர் நின்றிருக்கும் நாளில் வினிகரைத் தவிர்த்துவிடுங்கள். விடுபட்ட அளவை மறுநாள் சேர்த்து ஊற்ற வேண்டாம்.