வளைகுடாவுக்குப் பெட்டி கட்டும்போது எண்ணெய் ஒழுகாமல் இருக்க

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெட்டியில் தேங்காயெண்ணெய் இல்லாமல் இருக்காது. அது ஒழுகினால் உடுப்பெல்லாம் போச்சு.

விளிம்பு வரை நிரப்புவதுதான் சிக்கல். விமானம் மேலே போனதும் பாட்டிலுக்கு வெளியே காற்றழுத்தம் குறையும். பாட்டிலுக்குள் இருக்கும் கொஞ்சக் காற்றும் விரிய இடமில்லாமல் எண்ணெயை மூடி வழியே தள்ளும். 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது, இறங்கிய ஊர் வெயிலில் உருகி விரியும்.

எனக்குக் கைகொடுத்த முறை இது. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் ஊற்றி, வாயில் பாலித்தீன் தாளை இரண்டாக மடித்து வைத்து, பக்கத்தை லேசாக அமுக்கிக்கொண்டே மூடியைத் திருக வேண்டும். காற்று விரிய இடம் கிடைக்கும். கழுத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் டேப் பிடிக்காது. சானிடைசர் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் சுற்றுங்கள். ஓர் இரவு செய்தித்தாள்மேல் தலைகீழாக வையுங்கள். கறை விழாவிட்டால் ஜிப் பையில் போட்டு, கைலியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைக்கலாம்.

முந்திரிக்கொத்துக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் பயமில்லை. கொப்பரை வேண்டாம், எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கக்கூடியது. கசகசா கூடவே கூடாது; அமீரகத்திலும் சவுதியிலும் அது தடை. அம்மா அரைத்துத் தரும் மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே பெட்டியில் வையுங்கள்.