என்செம்பிளுக்கு மாறிகளைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே சறுக்குகிறது?

என்செம்பிள் என்பது பல நியூரல் நெட்வொர்க்குகளைத் தனித்தனியாகப் பயிற்றுவித்து, அவற்றின் விடைகளைச் சராசரியாக்குவது. அதற்கு எந்த மாறிகளைக் கொடுப்பது என்பதில் வரும் பிழைகளை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். சோனார் டேட்டாவில் 208 பதிவுகள், 60 மாறிகள் (ஒவ்வொன்றும் ஓர் அலைவரிசையில் எதிரொலியின் வலிமை). எதிரொலியைக் கொண்டு உலோக உருளையா பாறையா என்று சொல்ல வேண்டும். 1988இல் கோர்மனும் செஜ்னோவ்ஸ்கியும் இதை நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் புதியவர்கள் பலர் இதில்தான் கை பழகுகிறார்கள். விடுபட்ட மதிப்பு, ஐடி எண் போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுவோம்.

முழு டேட்டாவிலும் தேர்வு

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. 208 பதிவுகளையும் வைத்து, விடையோடு நன்றாக ஒத்துப்போகும் 15 மாறிகளைப் பொறுக்குகிறார்கள். கிராஸ் வேலிடேஷன், அதாவது டேட்டாவைப் பல பகுதிகளாக (ஃபோல்டு) பிரித்து, ஒவ்வொன்றையும் மாறிமாறி ஒதுக்கிவைத்துச் சோதிப்பது, அதற்குப் பிறகுதான். ஒதுக்கிவைத்த பதிவுகளின் விடை தேர்விலேயே கலந்தாயிற்று. பிறகு வரும் மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை.

சந்தேகமிருந்தால் 50 பதிவுகள், 5000 மாறிகள், எல்லாமே ரேண்டம் எண்களாக உருவாக்குங்கள். விடையையும் காசு சுண்டிப் போடுங்கள். முதல் 100 மாறிகளை இதே முறையில் எடுத்தால் துல்லியம் 90 சதவீதத்தைத் தாண்டிக் காட்டும். உண்மையில் அது 50தான். ஜீன் டேட்டாவில் இந்தச் சாய்வை அம்ப்ரோய்ஸும் மெக்லாக்லனும் 2002இலேயே காட்டிவிட்டார்கள்.

என்செம்பிளில் இந்த விடைக் கசிவு கண்ணில் படுவது இன்னும் கடினம். 20 நெட்வொர்க் இருந்தால், எல்லாமே அதே மாறிகளில் பயின்றதால் ஒரே விடையைச் சொல்லும். அதை உறுதி என்று நம்பிவிடுகிறார்கள். பேகிங்கில் (ஒவ்வொரு நெட்வொர்க்கையும் ரேண்டமாகப் பொறுக்கிய பதிவுகளில் பயிற்றுவிப்பதில்) வெளியே விட்ட பதிவுகளை வைத்துச் சோதித்தாலும் தப்பிக்க முடியாது. அவற்றையும் தேர்வு பார்த்துவிட்டது.

தேர்வை ஃபோல்டுக்குள் கொண்டுபோங்கள். சோதனைப் பகுதியை முதலில் ஒதுக்கி, மிச்சத்தில் மட்டும் மாறிகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்றுவித்து, அதன்பின் சோதியுங்கள். எத்தனை மாறிகள் என்பதை உள்ளே இன்னொரு கிராஸ் வேலிடேஷன் முடிவு செய்யட்டும். ஃபோல்டுக்கு ஃபோல்டு பட்டியல் மாறினால் பதற வேண்டாம். உங்கள் தேர்வு எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்பது அதில்தான் தெரியும்.

ஒவ்வொன்றாகக் கலைத்துப் பார்த்துத் தூக்கிவிடுவது

கலைப்பது என்றால் ஒரு மாறியின் மதிப்புகளைப் பதிவுகளுக்கிடையே இடம் மாற்றிப் போட்டு, துல்லியம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. குறையாவிட்டால் அந்த மாறியைத் தூக்கிவிடுகிறார்கள். சோனாரில் பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகள் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்பவை. 20ஆம் மாறியைக் கலைத்தால் 21 ஈடுகட்டும், 21ஐக் கலைத்தால் 20. இரண்டுமே தேவையில்லாதவைபோலத் தெரியும். இரண்டையும் நீக்கினால் துல்லியம் சரியும். ஒட்டிக்கிடப்பவற்றை ஒரு குழுவாகச் சேர்த்தே கலையுங்கள். அதையும் பயிற்சிப் பதிவுகளில் செய்யாதீர்கள்.

எல்லா நெட்வொர்க்குக்கும் ஒரே மாறிகள்

வர்க்கப் பிழையில், என்செம்பிளின் பிழை என்பது உறுப்பினர்களின் சராசரிப் பிழையில் அவற்றின் கருத்து வேறுபாட்டைக் கழித்தது. க்ரோவும் வெடல்ஸ்பியும் 1995இல் எழுதிய கணக்கு இது. வேறுபாடு இல்லையென்றால் கழிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் 60இல் 30ஐ ரேண்டமாகக் கொடுத்துத் தொடங்குங்கள். ஐந்தாறாகக் குறைத்தால் ஒவ்வொரு நெட்வொர்க்கும் நோஞ்சானாகி, சராசரிப் பிழை ஏறிவிடும்.

ஒரே ஸீடில் முடிவெடுப்பது

ஸீடு என்பது ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்; அது மாறினால் முடிவும் மாறலாம். பத்து ஸீடிலாவது ஓட்டுங்கள்.