சோடாப் போத்தலில் ஒரு சுவாசப்பை: மூச்சு நடக்கும் விதத்தைக் கையால் செய்து பார்ப்போம்

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் விஞ்ஞானம் படிக்க வருவார்கள். சுவாசத் தொகுதி தொடங்கும் நாளில் அவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்: காற்று உள்ளே போவதால் நெஞ்சு விரிகிறதா, நெஞ்சு விரிவதால் காற்று உள்ளே போகிறதா? அநேகமாக எல்லாரும் முதலாவதைச் சொல்வார்கள். கூட்டிப்போக வரும் அம்மா அப்பாமாரும் அதையே சொல்வார்கள். சரியான விடை இரண்டாவது. இதை வாயால் எத்தனை தரம் சொன்னாலும் மனதில் நிற்காது, ஒரு தரம் செய்து பார்த்தால் போதும்.

தேவையானவை

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று, சின்னப் பலூன் ஒன்று, பெரிய பலூன் ஒன்று, கத்தரிக்கோல், செலோடேப். தண்ணீர்ப் போத்தல் வேண்டாம். அதன் சுவர் மெல்லியது, இழுக்கும்போது உள்ளே மடிந்துவிடும். பலூன் நிறைய வேண்டுமென்றால் புறக்கோட்டையில் பொதியாக வாங்கலாம். கிழிந்தால் மாற்ற இரண்டு மூன்று கையில் இருப்பது நல்லது.

படி 1: போத்தலின் அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள். வெட்டிய விளிம்பைச் சுற்றிச் செலோடேப் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் விளிம்பு பலூனைக் கிழிக்கும், சின்னக் கைகளையும் வெட்டும். வெட்டுவதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

படி 2: சின்னப் பலூனைப் போத்தலின் வாய் வழியாக உள்ளே தொங்கவிட்டு, பலூனின் வாயை விரித்துப் போத்தல் வாயின் மேல் மடித்து மாட்டுங்கள். மூடியில் துளை போட்டு ஸ்ட்ரோ செருகும் முறையும் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். துளையைச் சுற்றிக் காற்றுக் கசிந்து, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கப் பலூன் அசையவே இல்லை. இந்த முறையில் துளையே இல்லை, ஆகவே புதிதாகச் செய்கிறவர்களுக்கு இதுதான் நல்லது.

படி 3: பெரிய பலூனின் கழுத்தில் முடிச்சுப் போடுங்கள். மேல் பாதியை வெட்டிவிட்டு, முடிச்சு இருக்கும் பாதியைப் போத்தலின் அடியில் இழுத்து மாட்டுங்கள். முடிச்சு வெளிப்பக்கம் இருக்கவேண்டும், அதுதான் பிடி. விளிம்பைச் சுற்றி இன்னொரு தரம் செலோடேப் ஒட்டுங்கள்.

படி 4: முடிச்சைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள். உள்ளே தொங்கும் பலூன் தானாகவே ஊதும். விடுங்கள், சுருங்கும்.

யாரும் ஊதவில்லை, கவனித்தீர்களா? இழுத்தபோது போத்தலுக்குள் இடம் கூடியது, அதனால் உள்ளே காற்றின் அமுக்கம் குறைந்தது. வெளிக்காற்றின் அமுக்கம் அதைவிடக் கூட, எனவே அது பலூனுக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. போத்தல் உங்கள் நெஞ்சுக்கூடு. பலூன் சுவாசப்பை. அடியில் இருக்கும் இறப்பர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு. அந்தத் தசை சுருங்கும்போது கீழே இறங்குகிறது. அதே நேரத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள பழுவிடைத் தசைகள் அந்த எலும்புகளை மேலேயும் வெளியேயும் தூக்குகின்றன. சுவாசப்பையைத் தானாக விரிக்க அதற்குள் தசை இல்லை. நெஞ்சு இடம் கொடுக்கிறது, காற்று வருகிறது.

நுவரெலியாவுக்குப் போனவர்கள் படி ஏறும்போது மூச்சு வாங்குவதை உணர்ந்திருப்பார்கள். அங்கேயும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான். ஆனால் அந்த ஊர் கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால், தள்ளுகிற அமுக்கம் கடலோரத்துக் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்.

படி 5: இதைக் கடைசியாகச் செய்யுங்கள். போத்தலின் பக்கச் சுவரில் ஊசியைச் சூடாக்கி ஒரு துளை போடுங்கள். இப்போது இறப்பரை மெதுவாக இழுத்தால் பலூன் ஒழுங்காக ஊதாது, காற்று பக்கத்தால் நுழைந்துவிடும். துளையை விரலால் பொத்தி இழுங்கள், மறுபடி வேலை செய்யும். நெஞ்சில் குத்துக்காயம் பட்டவரின் சுவாசப்பை சுருங்கிப்போவது இதனால்தான். காயம் சுவாசப்பையைத் தொடாமல் இருந்தாலும் போதும், நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று நுழைந்தால் அது விரிய முடியாது.

மாதிரி பொய் சொல்லும் ஓர் இடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். போத்தலில் பலூனைச் சுற்றி நிறையக் காலி இடம் தெரியும், உடம்பில் அப்படி இல்லை. சுவாசப்பை நெஞ்சுச் சுவரோடு ஒட்டியே இருக்கிறது, நடுவில் மெல்லிய திரவப் படலம் மட்டும்தான். நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வழுக்கும், ஆனால் பிரியாது. அதே கதைதான்.

இனி உங்கள் உடம்பு

தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு கொப்பியை வையுங்கள். மூச்சை எடுக்கும்போது கொப்பி உயரும். பிரிமென்றகடு கீழே இறங்கி வயிற்றில் உள்ளவற்றைத் தள்ளுகிறது. ஓய்வில் இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தரம் மூச்சு விடுவார், ஒவ்வொரு தரமும் ஏறத்தாழ அரை லீற்றர் காற்று.

அப்புறம் தொண்டை. குரல்வளை முடிச்சுக்குக் கீழே இரண்டு விரலை மெதுவாக வைத்துத் தடவினால் ஒன்றன்கீழ் ஒன்றாக வளையங்கள் தட்டுப்படும். அவை வாதனாளியை, அதாவது மூச்சுக்குழாயை, திறந்து வைத்திருக்கும் கசியிழைய (குருத்தெலும்பு) வளையங்கள். முழு வட்டமாக இல்லாமல் லாடம் போலப் பின்பக்கம் திறந்திருக்கும், பின்னால் உணவுக்குழாயில் சோற்றுக் கவளம் இறங்கும்போது கொஞ்சம் விலகிக் கொடுக்க.

வாதனாளி இரண்டாகப் பிரியும், அவை மறுபடி மறுபடி, இருபதுக்கு மேற்பட்ட தடவை கிளைத்துக்கொண்டே போகும். முடிவில் சிற்றறைகள் என்னும் மிகச் சின்னக் காற்றுப் பைகள். முப்பது கோடி அளவில் இருக்கும் இவற்றையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர், அதாவது வெள்ளவத்தையில் இரண்டு அறை உள்ள ஒரு பிளாட்டின் தரை அளவு. சிற்றறைச் சுவரைச் சுற்றி மயிர்க்குழாய்கள் என்னும் மிக மெல்லிய குருதிக்குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. அவை அவ்வளவு ஒடுக்கமானவை, செங்குழியங்கள் ஒவ்வொன்றாக வரிசையில்தான் போக முடியும். காற்றுக்கும் குருதிக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை விட மெல்லியது. அதைக் கடந்துதான் ஒட்சிசன் உள்ளே போகிறது, காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது.

வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க

வெற்றிலைக் கடையில் ஈரமான வெள்ளைச் சுண்ணாம்பு கொஞ்சம் வாங்குங்கள். ஒரு தேக்கரண்டியை ஒரு போத்தல் தண்ணீரில் போட்டு நன்றாகக் குலுக்கி, இறுக மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் சுண்ணாம்பு அடியில் படிந்திருக்கும், மேலே தெளிந்து நிற்பதுதான் சுண்ணாம்பு நீர். அதை மெதுவாக இரண்டு கிளாசில் ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் எரியும், வாயிலும் படக்கூடாது, ஆகவே பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

ஒரு கிளாசில் சைக்கிள் பம்பால் காற்றை விடுங்கள். மற்றதில் ஸ்ட்ரோவால் மெதுவாக ஊதுங்கள், உறிஞ்சவே வேண்டாம். ஊதிய கிளாஸ் கொஞ்ச நேரத்தில் பால் கலந்ததுபோல வெளுக்கும். பம்ப் விட்டது தெளிவாகவே நிற்கும். உள்ளே எடுக்கும் காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 வீதம், வெளியே விடுவதில் ஏறத்தாழ 4 வீதம். கிட்டத்தட்ட நூறு மடங்கு. ஒட்சிசனோ 21 இலிருந்து 16 வீதத்துக்குத்தான் இறங்குகிறது. மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது பலன் தருவது அந்த மீதி ஒட்சிசனால்தான்.

அந்த 4 வீதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் "இனி முடியாது" என்று உடம்பு துடிக்கும். அந்தத் துடிப்பை முக்கியமாக எழுப்புவது ஒட்சிசன் குறைவது அல்ல, குருதியில் காபனீரொட்சைட்டு கூடுவது. மூளையின் அடியில் உள்ள நீள்வளையமையவிழையம் அதை உணர்ந்துதான் மூச்செடு என்கிறது. கல்கிசையில் கடலில் குளிக்கும் பொடியன்கள் நீருக்கடியில் நிறைய நேரம் இருப்பதற்காகப் பத்துப் பதினைந்து தரம் வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும், ஒட்சிசன் பெரிதாகக் கூடாது. பிறகு தண்ணீருக்குள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஒட்சிசன் தீர்ந்து மயக்கம் வரலாம். உங்கள் வீட்டில் கடலுக்கோ நீச்சல் தடாகத்துக்கோ போகும் பிள்ளை இருந்தால், சுண்ணாம்பு நீர் வெளுத்திருக்கும் அந்த நேரத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.