கோரஸாகப் படிக்கும்போது உண்மையில் யார் படிக்கிறார்கள்?

குடியாத்தம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜூன் மாத வெயில், மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை ஒரே குரலில் படித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பையனின் புத்தகத்தில் காற்றடித்துப் பக்கம் புரண்டுவிட்டது. அவன் அதைத் திருப்பி வைக்கவில்லை. புதுப் பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பழைய பக்கத்தை ஒரு பிழையில்லாமல் சொல்லி முடித்தான். அதுவரை என் வகுப்பு நன்றாகப் படிக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

தொடக்க வகுப்பில் நாம் செய்யும் முதல் தவறு இந்தக் கோரஸ்தான். பாட்டுக்குச் சரி, வாசிப்புக்கு ஆகாது. நாலு பேர் படிப்பார்கள், மற்றவர்கள் அந்தக் குரலின் முதுகில் ஏறிக்கொள்வார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். 25 பேர் என்றால் நாளுக்கு 5 பேர், வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் முடிந்துவிடும். மற்றவர்கள் அந்த நேரத்தில் சத்தம் போடத்தான் செய்வார்கள், போடட்டும்.

அடுத்தது எழுத்து அட்டவணை. க, கா, கி, கீ என்று வரிசையாகக் கேட்டால் மழைபோலப் பொழிவார்கள். நடுவில் ‘கு’வைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள். உதடு மெல்ல அசையும்: க, கா, கி, கீ... அப்புறம்தான் ‘கு’ வரும். ராகம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஓர் எழுத்து மட்டும் தெரியும் அளவுக்கு ஓட்டை போட்டு, அட்டவணையின் மேல் அங்கும் இங்கும் நகர்த்திக் கேட்டால் யாருக்கு எது தெரியும் என்பது ஐந்து நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும்.

247 எழுத்தும் முடியட்டும், பிறகு சொல்லுக்குப் போகலாம் என்று காத்திருப்பதும் வீண். குடியாத்தத்தில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. காலிப் பெட்டிகள் ஐந்தின் மேல் ட, ப, ம, ட், ம் என்று எழுதி ஒட்டிப் பாருங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொல் கிடைத்துவிடும். பிள்ளையே பெட்டியை இழுத்துச் சேர்க்கும்போது ‘ப’வும் ‘ட’வும் ஒட்டி ஒரு சொல்லாவது கையில் தெரிகிறது. அதைவிட்டு “பானா, டானா, இம்மன்னா” என்று பேர் சொல்லிக் கூட்டவைத்தால், கடைசியில் ‘படம்’ எங்கிருந்து வரும்? பேர் வேறு, ஒலி வேறு. கொம்பு போட்ட எழுத்துகளில் ஓர் எச்சரிக்கை: கெ, கே எழுதும்போது கொம்பைத் தனிப் பெட்டியாக்க வேண்டாம். கொம்பு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். குழந்தை அதை ‘எக’ என்று படித்தால் குற்றம் அதனுடையதல்ல.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு. “மரத்தின் மேல் குரங்கு இருக்கிறது” என்று புத்தகத்தில் இருக்கும். பிள்ளை “மரத்துமேல கொரங்கு கீது” என்று படிப்பான். உடனே அதட்டித் திருத்துகிறோம். ஆனால் அவன் அந்த வரியைப் புரிந்துகொண்டு தன் வீட்டுப் பேச்சுக்கு மாற்றியிருக்கிறான். எழுத்தை மட்டும் கூட்டுபவனால் இது முடியாது. முதலில் “ஆமாம்” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று காட்டினால் போதும். ஆந்திர எல்லையோரத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் இருக்கின்றன, பேரணாம்பட்டில் உருது பேசும் வீடுகள். பூனைப் படத்தைக் காட்டினால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி “பில்லி” என்பார்கள். (இந்தப் பொருத்தம் எனக்கு இன்னும் வேடிக்கைதான்.) அந்தப் பிள்ளைக்குப் பூனை தெரியும், ‘பூனை’ என்ற சொல்தான் புதிது. அந்தப் பிள்ளையை ‘ஒன்றும் தெரியாத பிள்ளை’ என்று எழுதிவைத்துவிடக் கூடாது.

2022இல் தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால் அது நிலை அல்ல, பட்டப்பெயர். “அரும்புங்கள்லாம் இங்க வாங்க” என்று கூப்பிட்ட பாவம் எனக்கும் உண்டு.

அறை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றால் கண் மட்டம் மூன்றரை அடி, தரையில் உட்கார்ந்தால் இரண்டடி கூட வராது. நாமோ அட்டவணையை ஆறடி உயரத்தில் மாட்டுகிறோம். பார்வையிட வரும் அதிகாரிக்கு அது நன்றாகத் தெரியும்! கீழே இறக்குங்கள், கை பட்டுக் கிழிந்தால் வேறு எழுதலாம். நாலு சுவரையும் நிரப்பவும் வேண்டாம். இந்த வாரம் நடத்துவது மட்டும் இருக்கட்டும்.

கடைசியாகப் பீரோ. பிள்ளைகள் தாமாகப் படிக்க அரசு பள்ளிகளுக்குக் கொடுத்த ‘வாசிப்பு இயக்க’ப் புத்தகங்கள் மெல்லியவை, நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்தவை. கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் பூட்டிவைத்திருக்கும் பள்ளிகள் எத்தனையோ. நானும் ஓராண்டு அதைத்தான் செய்தேன். பிறகு ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் அட்டை தெரியும்படி தொங்கவிட்டேன். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘நுழை’ புத்தகத்தை எடுத்தபோது பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. அவளிடம், “ஒன்றாம் வகுப்புக்குப் படித்துக் காட்ட ஆள் வேணும், வர்றியா?” என்று கேட்டேன். இப்போது வாரம் இரண்டு நாள், மதியம் மணியடித்ததும் நாலைந்து குட்டிகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். படத்தைச் சரியாகக் காட்டவில்லை என்றால் அவளிடமே சண்டைக்குப் போகிறார்கள்.