மார்கழியில் பர்வதமலை: முதல்முறை ஏறுபவர்களுக்கு

மார்கழியில் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பர்வதமலை ஏறப்போகிறேன் என்றால் வீட்டில் உடனே ஸ்வெட்டரை எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கிப் பையில் வையுங்கள், போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். குளிர்காலத்தில் மலையேறுபவரைப் படுத்துவது பனியைவிட அவருடைய வியர்வைதான்.

1. வேலூரிலிருந்து போளூர் போய், அங்கிருந்து மலையடிவாரத்துத் தென்மாதிமங்கலம் போங்கள். கடலாடி ஊரிலிருந்து ஏறும் இன்னொரு வழி செங்குத்து, புதியவர்களுக்கு வேண்டாம். மலை சுமார் 4,500 அடி. ஏற மூன்று, நான்கு மணி நேரமாகும். விடிந்ததும் தொடங்குங்கள். எத்தனை மணிவரை ஏறலாம் என்பதை அடிவாரத்தில் வனத்துறையினரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பருத்தி பனியன் நனைந்தால் லேசில் காயாது. சீக்கிரம் காயும் மெல்லிய விளையாட்டு டீசர்ட் போதும். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடை. பையில் ஒரு காய்ந்த சட்டை, ஸ்வெட்டர், குல்லா, டார்ச் வையுங்கள்.

3. தாகம் எடுக்காது, ஆனாலும் குடியுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய். குரங்குகள் கண்ணில் படாமல் எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

4. இனிதான் முக்கியமான இடம், கடப்பாரைப் படி. பாறையில் கடப்பாரைகளை நட்டுச் சங்கிலி கோத்திருக்கிறார்கள். முதல்முறை நான் இருட்டிலேயே ஏறி, வெயில் வருமுன் அங்கே போய்விட்டேன். சங்கிலி முழுக்கப் பனித்துளி. பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தடுமாறினால் ஏறாதீர்கள். கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள், பாறை காயும்வரை உட்காருங்கள். கம்பளிக் கையுறை வழுக்கும், கழற்றிவிடுங்கள். ஒரு கை பிடித்த பிறகே மறு கையை எடுங்கள்.

5. அப்புறம் தண்டவாளப் படி, ஏணிப் படி எல்லாம் நிதானமாகப் போனால் ஏறிவிடலாம். உச்சியில் அடிவாரத்தைவிட ஏழு டிகிரி வரை குறைவாக இருக்கும், காற்று வேறு. போனவுடன் காற்றுப் படாத பக்கம் ஒதுங்கி, ஈரச் சட்டையை மாற்றி ஸ்வெட்டரைப் போடுங்கள். பிறகு உச்சிக் கோயிலில் மல்லிகார்ஜுனரையும் பிரமராம்பிகையையும் நிம்மதியாகக் கும்பிடலாம்.

6. மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள், மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடும். கடப்பாரைப் பாறையில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குங்கள். கீழே படிகளில் முழங்கால் வலித்தால் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள். ஸ்வெட்டரைப் பாதியிலேயே கழற்றிவிடலாம், வெயில் ஏறியிருக்கும்.