திருகோணமலையில் ஃப்ளோராவைத் தேடிப் பிடிக்கும் முறை

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையின் உட்பகுதிக் கற்சிறுகோள் என்றதும் 951 கஸ்ப்ராதான் நினைவுக்கு வரும். 1991 ஒக்ரோபர் 29இல் கலிலியோ விண்கலம் 1,600 கி.மீ. தூரத்தில் கடந்து படமெடுத்த, 18 கி.மீ. நீளக் கல். அது பைனோகுலருக்கு எட்டாது. அதன் குடும்பத்துக்கே பெயர் கொடுத்த 8 ஃப்ளோரா எட்டும்.

1. ஏறத்தாழ 17 மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரா சூரியனுக்கு நேரெதிரே வரும். அந்த வாரங்களே காலம். கிட்டவரும் முறை பிரகாச எண் (எண் கூடக்கூட மங்கல்) 8ஐத் தொடும், தூரமான முறை 9ஐத் தாண்டும். மாரிமழைக் காலத்தில் வந்தால் விட்டுவிடுங்கள்.

2. 10x50 பைனோகுலர் (10 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன்வில்லை), முக்காலி. ஸூம் பைனோகுலர் வேண்டவே வேண்டாம். முக்காலி இல்லாவிட்டால் 9ஆம் எண் புள்ளி கைநடுக்கத்தில் கரைந்துவிடும்.

3. ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் முதலில் சிறுகோள்களின் பாதைத் தரவைப் புதுப்பியுங்கள். பழைய தரவு தவறான இடத்தைக் காட்டும்.

4. பலரும் தடுக்கி விழுவது நேரத்தில். சிறுகோள் எப்போது எங்கே நிற்கும் என்று சொல்லும் நாசாவின் ஹொரைசன்ஸ் அட்டவணை உலக நேரத்தில் (UT) வரும், நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். இரவு 10.30 என்றால் அங்கே 17.00, திகதி அதேதான். 11ஆம் திகதி அதிகாலை 1 மணி என்றால் அங்கே 10ஆம் திகதி 19.30. இங்கே திகதியை மாற்ற மறந்தால் ஒரு முழு நாள் பிசகும், அதாவது கால் பாகைக்குச் சற்று மேல். பக்கத்து நட்சத்திரத்தைச் சிறுகோளென்று குறிக்க அதுவே போதும்.

5. நிலாவெளிப் பக்கம், ஹோட்டல் வெளிச்சம் படாத மணலில், கடலைப் பார்த்து நில்லுங்கள். இரவு 9.30க்குப் பார்ப்பதே வசதி, நடுநிசியில் அது உச்சிக்கு ஏறிக் கழுத்தை முறிக்கும். ரோச்சில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். உப்புக்காற்று படிந்த கண்ணாடியைத் துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதித் தட்டுங்கள்.

6. கொப்பியில் வட்டம் வரைந்து, அந்த இடத்தைச் சுற்றியுள்ள பத்து நட்சத்திரங்களையாவது குறியுங்கள். ஒரு மணி கழித்துப் பார்ப்பதில் பயனில்லை, அதற்குள் நகர்வது 40 விகலைதான் (ஒரு பாகையில் 3,600 விகலை). இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், நிலாவின் விட்டமளவு நகர்ந்திருக்கும்.

போனில் படமெடுப்பவர்களுக்கு: சென்சரின் பழுதுப்புள்ளியும் நட்சத்திரம்போலவே தெரியும். போனைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். சட்டகத்தில் அதே இடத்தில் நிற்பது பழுது.

நகர்வு மேற்கு நோக்கி, அதாவது கிழக்கு வானில் மேல்நோக்கி, இருக்க வேண்டும். அடுத்த இரவும் அதே பக்கம் கால் பாகை ஏறியிருந்தால் அது ஃப்ளோரா.